பழைய தோட்டக் குளக்கரை: சீரமைப்பதா, மட்டத்தைக் குறைப்பதா, வெட்டிவிடுவதா, குட்டைக்கு மாறுவதா?

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனியிலும் நீலகிரிச் சரிவுகளிலும், காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓடையை மறித்துப் போட்ட மண்கரைக் குளங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை ஆட்களும் மண்வெட்டியுமாகப் போட்டவை. வரைபடம் இருக்காது. தோட்டம் கைமாறும்போது குளம் பத்திரத்தில் வந்துவிடும். கரைக்குள் என்ன மண், அடியில் எந்தக் குழாய், எந்த ஆண்டு எங்கே கசிந்தது என்ற விவரம் எதுவும் கூட வராது.

இப்படி ஒரு குளம் கையில் இருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: "கரையடியில் நீர் ஊறுகிறது, கரைமேல் மரம் நிற்கிறது, ஓவர்ஃப்ளோ சின்னதாக இருக்கிறது. என்ன செய்வது?" இதற்கு நான்கு வழிகள் உண்டு. முழு மட்டத்துக்கே சீரமைக்கலாம். கலிங்கை, அதாவது மிகுநீர் வழிந்தோடும் வாயை, இறக்கி நீர்மட்டத்தை நிரந்தரமாகக் குறைக்கலாம். கரையை முறையாக வெட்டி ஓடையைத் திறந்துவிடலாம். ஓடையை விட்டு விலகி, தோண்டிய பண்ணைக்குட்டைக்கு மாறலாம். கசிவு கண்ட கரையை அப்படியே விட்டுவைப்பதை ஐந்தாவது வழியாக எண்ண முடியாது.

கணக்குகள் புரிவதற்காக ஒரு மாதிரிக் குளத்தை வைத்துக்கொள்வோம். கரை உயரம் 7 மீட்டர், கரைமேல் அகலம் 3 மீட்டர், இருபக்கச் சரிவும் 1-க்கு 2 (1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடை). நிறைந்தால் ஆழம் 6 மீட்டர், நீர்ப்பரப்பு 5,000 சதுர மீட்டர். V வடிவ ஓடையில் கொள்ளளவு, பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்டக் கிடைக்கும். இங்கே 10,000 கனமீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். கலிங்கு 2 மீட்டர் அகலம், கரைமட்டத்துக்கு 1 மீட்டர் கீழே. மழைநீர் வந்து சேரும் பரப்பு 20 ஹெக்டேர். உங்கள் அளவுகளை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அளவுகளை மட்டும் தந்திருக்கிறோம். உள்ளூர் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

### 1. கரை உடைந்தால் நீர் யார் மேல் போகும்?

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். கரையிலிருந்து ஓடையோடு கீழே நடந்து பாருங்கள். லைன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), பள்ளி, கோயில், ஓடையைக் கடக்கும் சாலை, பம்ப் ஹவுஸ், அடுத்த தோட்டத்தின் குளம் என எதிர்ப்படும் அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு குளம் இருந்தால் இரண்டு குளத்து நீரும் சேர்ந்து போகும் என்றே கணக்கிட வேண்டும். மலை ஓடை செங்குத்தானது. ஒரு கோடி லிட்டர் நீர் மண்ணையும் பாறையையும் மரத்தையும் புரட்டிக்கொண்டு இறங்கும். ஓடையோரக் குடியிருப்பில் தூங்குகிறவர்களுக்கு எழுந்து ஓட நேரம் கிடைக்காது. கென்யாவின் நகுரு மாவட்டத்தில் சோலாய் என்ற ஊருக்கு மேலே இருந்த தனியார் பண்ணை அணை 2018 மே 9 இரவில் உடைந்து, குறைந்தது 47 பேர் இறந்தார்கள். அதுவும் பாசனத்துக்காகப் போட்ட மண்கரைதான்.

### 2. கலிங்கு எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்?

மண்கரைகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் உடைகின்றன. ஒன்று, நீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. மற்றது, கரைக்குள்ளே நீர் வழி பிடித்து மண்ணை அரித்துக்கொண்டு போவது. முதலாவதைத் தடுப்பது கலிங்கு.

வரும் வெள்ளத்தை இப்படி மதிப்பிடலாம்: ஹெக்டேரில் பரப்பு × மணிக்கு மில்லிமீட்டரில் மழையின் வேகம் × வழிந்தோடும் பங்கு ÷ 360. நிழல்மரம் உள்ள காப்பித் தோட்டத்தில் வழிந்தோடும் பங்கு 0.4 என்று வைத்தால், மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும் மழைக்கு 20 × 100 × 0.4 ÷ 360, அதாவது நொடிக்கு 2.2 கனமீட்டர். பல நாள் மழையில் மண் ஊறியிருக்கும்போது (0.5) 150 மி.மீ. வேகத்தில் அடித்தால் 4.2 கனமீட்டர். சின்ன, சரிவான நீர்ப்பிடிப்பில் கால் மணி நேரம் அந்த வேகத்தில் அடித்தாலே போதும், வெள்ளம் குளத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

கலிங்கு கடத்தும் அளவு: 1.7 × அகலம் × (நீரின் உயரம்)^1.5. மாதிரிக் குளத்தில் கரைமட்டத்துக்குக் கீழே 60 செ.மீ. எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தால், கலிங்கில் 40 செ.மீ. உயரத்துக்குத்தான் நீரை அனுமதிக்க முடியும். அப்போது அது கடத்துவது 0.86 கனமீட்டர். சாதாரணக் கனமழைக்கே பாதியைக்கூட எட்டவில்லை. மலைத் தோட்டங்களில் 2 மீட்டர் கலிங்கோடு நிற்கும் பழைய குளங்களுக்கு எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசரம்.

அந்தச் சின்னக் கலிங்கிலும் மீன் ஓடிவிடாமல் வலை கட்டுவது, மழைக்காலக் கடைசியில் மணல் மூட்டை அடுக்குவது எல்லாம் நடக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தனியார் கேளிக்கை மன்றத்துக்குச் சொந்தமாயிருந்த சவுத் ஃபோர்க் அணை 1889 மே 31-இல் உடைந்தபோது 2,209 பேர் இறந்தார்கள். அங்கே கலிங்கில் மீன் தடுப்புக் கம்பிவலை இருந்தது, அதைக் குப்பை அடைத்தது. வண்டிகள் போக வசதியாகக் கரைமட்டத்தைத் தாழ்த்தியிருந்தார்கள். அடிமதகுக் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார், பிறகு யாரும் திருப்பிப் பொருத்தவில்லை. இந்த மூன்று தவறும் இன்றைய தோட்டக் குளங்களிலும் அப்படியே கண்ணில் படுகின்றன.

பழைய ஏரிக் கலிங்குகளில் கல் நட்டு, இடையில் பலகையும் மண்ணும் வைத்து நீரை உயர்த்தும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. ஆனால் வெள்ளம் வந்தால் இரவானாலும் போய் எடுத்துவிடுவதற்கு அங்கே ஆள் இருந்தார். ஆள் இல்லாத தோட்டத்தில் மணல் மூட்டை மட்டும் மிஞ்சுகிறது.

### 3. கரையின் இன்றைய நிலை

கரையடியில் ஊறும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தெளிந்த நீர், குளத்து மட்டத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் அளந்து வரலாம். பத்து லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று வாரம் ஒருமுறை, குளத்தின் மட்டத்தோடு சேர்த்து எழுதிவைத்தால் போதும். குளத்து மட்டம் மாறாதபோதே கசிவு கூடினாலோ, நீர் கலங்கினாலோ, ஊற்றைச் சுற்றி மண் சின்னக் கூம்பாகச் சேர்ந்தாலோ உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது. அன்றைக்கே மட்டத்தை இறக்க வேண்டும்.

மிகவும் சந்தேகப்பட வேண்டிய இடம் கரைக்கு ஊடாகப் போகும் குழாய். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அழுத்தத்தோடு நீர் கரைக்குள்ளேயே பாயும். குழாய் நன்றாக இருந்தாலும், அதைச் சுற்றி மண் இறுகாமல் விட்டிருந்தால் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே நீர் வழி பிடிக்கும். குழாய் வாய்க்குப் பக்கத்தில், குழாய்க்கு வெளியே ஈரம் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

இவற்றோடு, கரைமேல் ஜீப் ஓடி ஓடி நடுவில் பள்ளமாகியிருக்கிறதா என்று டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்துப் பாருங்கள். நடுவில் 30 செ.மீ. தாழ்ந்திருந்தால், காகிதத்தில் இருக்கும் 1 மீட்டர் இடைவெளி உண்மையில் 70 செ.மீ.தான். முள்ளம்பன்றி, பெருச்சாளி, நண்டு வளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

### 4. உண்மையில் எவ்வளவு நீர் வேண்டும்?

பலர் இதைக் கணக்கிட்டதே இல்லை. "குளம் நிறைந்திருந்தால் மனசுக்கு நிறைவு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 20 ஏக்கர் காப்பிக்குப் பிப்ரவரி, மார்ச்சில் பூ மழை (காப்பியைப் பூக்க வைக்கும் மழை) பொய்த்தால் ஸ்பிரிங்ளரில் 30 மி.மீ. கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 121 கனமீட்டர், மொத்தம் 2,430. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பின்தண்ணீர் 20 மி.மீ. கொடுத்தால் இன்னும் 1,620. டிசம்பர் முதல் மார்ச் வரை ஆவியாவதற்கு ஏறக்குறைய 1,000 சேர்த்தால் 5,000 கனமீட்டர். மாதிரிக் குளத்தின் கொள்ளளவில் இது பாதிதான்.

### 5. சட்டமும் அனுமதியும்

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து நீளம், கொள்ளளவு போன்ற சில வரம்புகளைத் தொடும் அணைகளுக்கும் மட்டுமே. 7 மீட்டர் தோட்டக்கரை அதற்குள் வராது, அதனால் ஆய்வுக்கு யாரும் வரமாட்டார்கள். உடைந்தால் வரும் பொறுப்பு உரிமையாளருக்கே.

ஆலை உரிமையாளர் ஒருவரின் நீர்த்தேக்கம் கசிந்து பக்கத்துச் சுரங்கம் மூழ்கிய இங்கிலாந்து வழக்கில் (ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர், 1868), கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. நம் பக்கத்தில் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வேக்குச் சேதம் வந்த வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீன்தாரை விடுவித்தது. காரணம், அவை தொன்றுதொட்டு வந்த ஏரிகள், குடிகளின் நன்மைக்காக அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை. தன் தோட்டத்துக்காகத் தானே தேக்கிய குளத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அனுமதிகளும் நேரம் பிடிப்பவை. மலைப்பகுதியில் கரைமேல் நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஓடை, பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காக இருந்தால் வருவாய்த் துறையையும் நீர்வளத் துறையையும் கேட்காமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுச் சீரமைப்பு | மட்டம் குறைப்பு | கரையை வெட்டுதல் | தோண்டிய குட்டை |
|---|---|---|---|---|
| மிஞ்சும் நீர் (கனமீட்டர்) | 10,000 | 1 மீ. குறைத்தால் 5,800 | இல்லை | 41 × 41 × 4 மீ. குழிக்கு 4,950 |
| கீழே உள்ளவர்களுக்கான ஆபத்து | குறையும், தீராது | நன்றாகக் குறையும் | தீரும் | சமதளத்தில் தீரும், சரிவில் புதிதாக வரும் |
| முதற்செலவு | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ஆண்டுதோறும் வேலை | அதிகம் | நடுத்தரம் | இரண்டு மூன்று மழைக்காலம் வரை | ஷீட், வேலி, வண்டல் |
| மறைந்திருக்கும் செலவு | வேர் தோண்டுதல், குழாய் மாற்றம் | கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறையும் | வண்டல், கிணறுகள் | சமதளம், ஷீட் மாற்றம் |

## வழி 1: முழு மட்டத்துக்குச் சீரமைத்தல்

நீர் முழுவதும் உண்மையிலேயே தேவைப்படுகிற, கரை மண் நல்லதாக இருக்கிற, ஆண்டுதோறும் பராமரிக்க ஆளும் பணமும் உள்ள தோட்டத்துக்கு இது ஏற்றது. "கசிவை மட்டும் அடைத்துத் தாருங்கள்" என்று கேட்பவர்களுக்கு ஏற்றதல்ல. இதில் ஐந்து வேலைகள் உண்டு. ஒன்றை விட்டாலும் மற்றவற்றுக்குக் கொட்டிய பணம் வீண்.

கலிங்கு. மேலே சொன்ன 4.2 கனமீட்டரைக் கடத்த, 40 செ.மீ. நீருக்கு ஏறக்குறைய 10 மீட்டர் அகலம் வேண்டும். அதைக் கரையில் வெட்டக் கூடாது. கரை முடிந்து இயற்கையான நிலம் தொடங்கும் ஓரத்தில் வெட்ட வேண்டும். நீர் இறங்கும் வாய்க்காலைக் கரையடியில் கொண்டுபோய்க் கொட்டாமல், படிப்படியாகக் கல் பதித்து, கரையடியை விட்டு விலக்கி ஓடையில் சேர்க்க வேண்டும். கரையடியில் கொட்டும் கலிங்கு ஒவ்வொரு மழைக்கும் கரையின் காலைப் பறிக்கிறது.

மரங்கள். வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதுதான் வழக்கமான தவறு. வேர் சில ஆண்டுகளில் மக்கி, கரைக்குள் வெற்றுக் குழாயாக நிற்கும். பெரிய மரமாக இருந்தால் குளத்து மட்டத்தை இறக்கிவிட்டு, வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியின் ஓரங்களைச் சரிவாக வெட்டி, அதே வகை மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உதிரவும் கூடாது, கையில் அப்பவும் கூடாது. ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது இறுக்குவதாகாது. குழிகளுக்குக் கையால் இயக்கும் அதிர்வு இயந்திரமும், பெரிய பரப்புக்கு ஆட்டுக்கால் ரோலரும் (முளைகள் உள்ள உருளை) வேண்டும்.

கசிவு. வெளிச்சரிவில் ஊறும் இடத்தைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ ஷீட்டாலோ அடைப்பது ஆபத்து. நீர் வெளியேற வழியில்லாமல் கரைக்குள் அழுத்தம் ஏறி, சரிவே பெயர்ந்து விழும். செய்ய வேண்டியது வடிகட்டி: ஊறும் இடத்தின் மேல் முதலில் தூசி நீக்கிய மணல், அதன் மேல் 6 முதல் 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் பாரமாகக் கருங்கல். நீர் வெளியே வரும், மண் வராது. அதை ஒரு வாய்க்காலில் சேர்த்து அளக்கும்படி செய்யுங்கள். எம்-சாண்ட் வாங்கினால் கழுவியதாக இருக்க வேண்டும். மாவு கலந்த மணல் அடைத்துக்கொள்ளும், பிறகு வடிகட்டி இருந்தும் பயனில்லை.

குழாய். ஓட்டைக் குழாயைக் கரையில் விட்டுவைத்துக்கொண்டு மற்றதைச் சீரமைப்பதில் அர்த்தமில்லை. அதை முழு நீளத்துக்கும் சிமெண்ட் கலவை செலுத்தி அடைத்துவிட்டு, கரைமேல் வழியாக எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) சைபன் போடலாம்; பம்ப் இல்லாமலே நீரைக் கரைமேல் ஏற்றி மறுபக்கம் இறக்கும் வளைகுழாய் அது. நீர்மட்டத்துக்கும் வெளிவாய்க்கும் 4 மீட்டர் வேறுபாடு இருந்தால் 40 மீட்டர் நீளமுள்ள 110 மி.மீ. குழாய் நொடிக்கு 20 லிட்டர் தரும். நாளுக்கு 1,700 கனமீட்டர். சைபன் நீரை ஏற்றும் உயரம் கடல்மட்டத்தில் 7 மீட்டர் வரை நம்பலாம். ஏற்காடு போன்ற 1,500 மீட்டர் உயரத்தில் 5 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். மாதிரிக் குளத்தில் மேல் 4 மீட்டர் நீர் சைபனில் போகும், மீதிக்குப் பம்ப் வேண்டும்.

கரைமட்டமும் சரிவும். தாழ்ந்த இடத்தை நிரப்பும்போது பழைய சரிவின் மேல் புதுமண்ணை அப்படியே கொட்டினால் முதல் மழையில் வழுக்கி இறங்கும். புல்லைச் செதுக்கி, படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். மண்ணை எக்காரணம் கொண்டும் கரையடியிலிருந்து எடுக்கக் கூடாது.

இதற்கு வடிவமைப்பு வேண்டும். சிறு மண்கரைகளுக்கென்றே ஐஎஸ் 12169 என்ற இந்தியத் தர ஆவணம் 1987-இலிருந்து இருக்கிறது. வருகிற பொறியாளர் அதைத் தெரிந்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடலாம். கட்டடப் பொறியாளருக்கு மண்கரை தெரிந்திருக்கும் என்பது நிச்சயமில்லை.

எல்லாம் முடிந்த பிறகும், முழு ஒரு கோடி லிட்டர் அதே உயரத்தில்தான் நிற்கும். ஓடையோரம் லைன் வீடுகள் இருந்தால், இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஆண்டுதோறும் அதற்குரிய கவனத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

## வழி 2: கலிங்கை இறக்கி மட்டத்தைக் குறைத்தல்

பெரும்பாலான தோட்டக் குளங்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மாதிரிக் குளத்தின் 2 மீட்டர் கலிங்கை 1 மீட்டர் இறக்கினால், 60 செ.மீ. காலி இடம் விட்ட பிறகும் 1.4 மீட்டர் உயரத்துக்கு வெள்ளம் அதில் போகலாம். கடத்தும் அளவு 0.86-இலிருந்து 5.6 கனமீட்டராகிறது. அகலத்தைத் தொடாமலேயே 4.2 கனமீட்டர் வெள்ளம் தாராளமாகப் போகிறது. கரையை அழுத்தும் நீரின் உயரமும் குறைகிறது, கரைக்குள் ஈரம் நிற்கும் மட்டம் இறங்குகிறது, பல குளங்களில் வெளிச்சரிவின் மேல்பக்க ஊற்று தானாகவே வற்றிவிடும்.

கொடுக்கும் விலை கொள்ளளவு. அது நினைப்பதைவிட வேகமாகக் குறையும், ஏனென்றால் V வடிவக் குளத்தில் அதிக நீர் நிற்பது மேல்பகுதியில்தான். 6-இல் 1 மீட்டர் போனால் ஆறில் ஒரு பங்கு போகும் என்று எண்ணுவார்கள். உண்மையில் 42 சதவீதம் போகிறது. 5,800 கனமீட்டர்தான் மிஞ்சும். ஒன்றரை மீட்டர் இறக்கினால் 4,200. நம் 20 ஏக்கர் காப்பிக்கு 5,000 போதும் என்பதால் ஒரு மீட்டர் இறக்கம் சரியாகப் பொருந்துகிறது, ஒன்றரை பொருந்தாது.

ஆனால் அடியில் சேர்ந்த வண்டலை இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். மட்டத்தை இறக்கும் முன், மிதவையிலிருந்து குண்டு கட்டிய கயிற்றால் பத்து இருபது இடத்தில் ஆழம் பாருங்கள். வண்டல் ஆயிரம் கனமீட்டரை அடைத்திருந்தால் தூர்வார வேண்டிவரும். அப்போது கரையின் உட்சரிவு முடியும் அடியிலிருந்து கரை உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம், இங்கே 14 மீட்டர், தள்ளியே தோண்ட வேண்டும். கரையை ஒட்டிப் படிந்த நுண்வண்டல்தான் பல பழைய குளங்களில் கசிவை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்த அடுத்த மழைக்காலமே கரையடியில் நீர் கொப்பளித்த குளங்கள் உண்டு.

வேலையில் கவனிக்க வேண்டியவை:

- இறக்கிய கலிங்கின் வாசலில் கான்கிரீட் தடுப்புச் சுவர் வேண்டும். தரைக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர், இருபக்கமும் நிலத்துக்குள் ஒரு மீட்டர். அது இல்லாவிட்டால் கீழே தொடங்கும் அரிப்பு பின்னோக்கி ஏறி, ஒரே வெள்ளத்தில் கலிங்கைக் குளத்தின் அடிவரை வெட்டிவிடும்.
- பக்கச் சுவர்கள் பழைய கரைமட்டம் வரை ஏற வேண்டும். ஆழமான கலிங்கில் நீரின் வேகம் அதிகம், வெறும் மண் பக்கம் நிற்காது.
- பலகை செருகும் பள்ளம் எதுவும் விடாதீர்கள். பள்ளம் இருந்தால் வறட்சி ஆண்டில் யாரோ பலகை செருகுவார்கள், அடுத்த மழையில் அது அங்கேயே இருக்கும்.
- முதல்முறை நீரை இறக்கும்போது நாளுக்கு 30 செ.மீ.-க்கு மேல் வேண்டாம். களிமண் கரையின் உட்சரிவு நீரில் ஊறியிருக்கும், வெளியே நீர் சட்டென்று இறங்கினால் சரிந்து விழும். 110 மி.மீ. சைபன் மாதிரிக் குளத்தை ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் இறக்கும். பரப்பு சுருங்கச் சுருங்க வால்வைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்.

மட்டம் குறைத்தாலும் ஓட்டைக் குழாய் ஓட்டைக் குழாய்தான். குழாய் அடிமட்டத்தில் இருப்பதால் இந்த வழியால் அதன் ஆபத்து கொஞ்சம்தான் குறையும். அதைத் தனியே அடைத்தாக வேண்டும். கரையடியில் கலங்கல் கண்ட குளத்துக்கும் மட்டம் குறைப்பது முதலுதவி மட்டுமே.

## வழி 3: கரையை முறையாக வெட்டித் திறத்தல்

தோட்டத்துக்கு இப்போது போர்வெல்லோ வேறு நீரோ இருக்கிறது, குளத்தை யாரும் பயன்படுத்துவதில்லை, கீழே வீடுகள் இருக்கின்றன, பராமரிக்க ஆள் இல்லை என்ற நிலையில் இதுவே நேர்மையான முடிவு. வாரிசுகள் வெளியூரில் இருக்கும் தோட்டங்களில் இந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். கேட்பாரற்று நிற்கும் கரைதான் எல்லாவற்றிலும் மோசமானது.

நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டிவிட்டு "மீதியை வெள்ளம் பார்த்துக்கொள்ளும்" என்று விடுவது, உடைப்பை நாமே ஏற்பாடு செய்வதாகும். முதலில் குளத்தை முழுவதும் காலி செய்ய வேண்டும். ஓடையின் பழைய அடிமட்டம் வரை, அடியில் ஓடையின் வெள்ள அகலத்துக்கு, பக்கங்கள் 1-க்கு 2 சரிவில் வெட்ட வேண்டும். மாதிரிக் கரையில் அடி அகலம் 6 மீட்டர் என்றால் மேலே 34 மீட்டர் திறக்கும், வெட்டும் மண் ஏறக்குறைய 1,900 கனமீட்டர், அதாவது 670 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). வெளியே ஏற்றிப் போனால் டிப்பர் செலவு தாங்காது. மீந்த கரையின் இருபுறமும் பரப்பி, வெட்டிவேரோ புல்லோ நட்டுவிடுவதே வழி.

பெரிய தலைவலி வண்டல். கரை போனதும் ஓடை அதை அரித்துக் கீழே கொண்டுபோய் அடுத்தவர் குளத்தையும் குழாயையும் மூடும். வெட்டும் முன்பே வண்டலின் ஊடாக ஓடைக்குப் பாதை எடுத்து, அடியில் கல் பதித்து, குறுக்கே தாழ்வான கல்தடுப்புகள் போட வேண்டும். எடுத்த வண்டல் தோட்டத்துக்கே எரு. கீழே உள்ள கிணறுகளும் ஊற்றுகளும் குளத்துக் கசிவை நம்பி இருந்தால் அவர்களிடம் முன்பே சொல்லியாக வேண்டும்.

## வழி 4: ஓடைக்கு வெளியே தோண்டிய குட்டை

நீர் தரைமட்டத்துக்குக் கீழே நின்றால் உடைந்து போக எதுவும் இல்லை. அடிவாரத்திலும் மலைமேல் அபூர்வமாகக் கிடைக்கும் சமதளத்திலும் இது சிறந்த வழி. 41 மீட்டர் சதுரம், 4 மீட்டர் ஆழம், 1-க்கு 1.5 சரிவு என்றால் 4,950 கனமீட்டர் கிடைக்கும். அதே அளவு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும், 1,750 யூனிட். மண் நீரைத் தாங்காவிட்டால் 500 மைக்ரான் எச்டிபிஇ ஷீட், ஓரம் புதைப்பதோடு சேர்த்து ஏறக்குறைய 2,100 சதுர மீட்டர்.

சரிவில் இது பொய்த்துப்போகும். நூற்றுக்கு 20 சரிவுள்ள நிலத்தில் 41 மீட்டர் குட்டையின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 8 மீட்டர் வித்தியாசம் வரும். கீழ்ப்பக்கம் கரை போட்டுத்தான் ஆக வேண்டும். அது இன்னொரு அணை, அதுவும் கலிங்கு யோசிக்காத அணை. மலையில் "குட்டை" என்ற பெயரில் போடப்படும் பலவற்றுக்கு இந்தக் குறை உண்டு.

ஷீட் போட்ட குட்டையில் விழுந்தவர் ஏற முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், பூட்டிய வேலி போடுங்கள். காட்டு மாடு இறங்கினால் குளம்பு ஷீட்டைக் கிழிக்கும், மாடும் வெளியேற முடியாமல் தவிக்கும். ஓடையிலிருந்து நீர் எடுத்து நிரப்பும் வாய்க்காலில் வண்டல் தொட்டி ஒன்று அவசியம். பழைய கரைக்குளம் அப்படியே நிற்கும்போது குட்டை மட்டும் போட்டால் ஆபத்து ஒரு துளியும் குறையாது. இந்த வழியைத் தேர்ந்தால் வழி 3-ஐயும் சேர்த்தே செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

## எந்த நிலைக்கு எது

ஓடையோரம் வீடுகள் இருந்து, தேவை கொள்ளளவில் பாதிக்குள் அடங்கினால்: மட்டம் குறைப்பு, குழாய் அடைப்பு, கரையடி வடிகட்டி. இந்த மூன்றும் ஒரே கோடையில் முடியும்.

வீடுகள் இருந்து, நீரும் தேவையில்லை என்றால் வெட்டிவிடுங்கள். வீடுகள் இருந்து, நீர் முழுவதும் தேவை என்றால் முழுச் சீரமைப்புதான். ஆனால் பொறியாளர் வடிவமைப்பு இல்லாமல் தொடங்காதீர்கள், வேலை முடியும்வரை மட்டத்தைக் குறைத்தே வையுங்கள்.

கீழே வெறும் காடும் பாறையும், சொந்தத் தோட்டமும் மட்டும் என்றால் செலவு, நீர் இரண்டையும் வைத்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் கரையடியில் வேலையாட்கள் நடக்கும் பாதை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குரிய காலம், பூ மழைக்கு இறைத்து முடித்துக் குளம் பாதி காலியாகும் மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை. கோடை மழை திடீரென்று கொட்டும் என்பதால், தோண்டிய குழியையோ பாதி வெட்டிய கலிங்கையோ மாற்று நீர்வழி இல்லாமல் ஒரு இரவுகூட விட வேண்டாம். மர அனுமதிக்கும் இயந்திர அனுமதிக்கும் அக்டோபரிலேயே விண்ணப்பித்தால்தான் அந்தக் காலம் கைக்குக் கிடைக்கும்.

## முடிவெடுக்கும் வரை

இன்றே கலிங்கிலிருந்து வலை, மூட்டை, பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெளிச்சரிவில் புதரை அறுத்து, கரையடி முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். சைபன் குழாயையும் வால்வையும் பொருத்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கழுவிய மணல் இரண்டு யூனிட், ஜல்லி இரண்டு யூனிட் கரையருகே குவித்துவையுங்கள். கனமழை நாளில் காலை, மாலை இருவேளையும் ஒருவர் கரையடியில் நடந்து பார்க்க வேண்டும்.

கலங்கல் நீர் பாய்வதைக் கண்டால் முதல் வேலை கீழே இருப்பவர்களை வெளியேற்றுவது. இரண்டாவது, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்வது. அதன் பிறகே சைபனும் மணலும். யாரை எந்த எண்ணில் எழுப்புவது, எந்த மேட்டுக்கு ஏறுவது என்பதை லைன் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் மழைக்கு முன்பே, பகலில், அந்தப் பாதையில் நடத்திக் காட்டிவிடுங்கள்.